வேனிலிருந்து தொங்கிய இரண்டு கால்கள்

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகிற தெருவில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் 'மலை துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை தொங்கியது. அதன் கீழே 'ரகசியம் காக்கப்படும்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. காப்பதற்கு ஒரு ரகசியமாவது வந்து சேர வேண்டுமே என்பதுதான் நிலையத்தின் சொந்தக்காரரும் ஒரே துப்பறிவாளருமான மலையாண்டியின் ஆறு வருஷக் கவலை.

அவர் துப்புத் துலக்கிய வழக்குகளில் பெரியது, ஒரு மாப்பிள்ளையின் மூத்த தாரத்தைக் கண்டுபிடித்தது. உண்மையைச் சொன்னால் அதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. விலாசம் விசாரித்துக்கொண்டு அந்த அம்மாளே மாடியேறி வந்துவிட்டாள்.

1991 ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மண்டபத்தில் நண்டும் இறாலும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்புகிற கம்பெனியின் முதலாளி ஹாஜா முகைதீன் படியேறி வந்தார். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு போட்டோவை மேஜைமேல் போட்டார்.

"மலையாண்டி, நாளைக்கு மூணு மணிக்கு எனக்கு இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல விசாரணை. கம்பெனி வேன் சொந்த வேலைக்கு ஓடுதுன்னு எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். இந்தப் போட்டோவையும் சேத்து அனுப்பியிருக்கான். பதில் சொல்லுன்னு ஆபீஸ்ல இதையும் கடுதாசி நகலையும் குடுத்து விட்டாக."

"ஓடினா என்ன பாய்? உங்க வண்டிதானே?"

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த லீமாரோஸின் கை நின்றது. முப்பத்தைந்து வயது. இங்கே டைப்பிஸ்ட் என்று சேர்ந்து, உதவித் துப்பறிவாளராகி, இப்போது மலையாண்டியின் மனசாட்சி வேலையையும் சம்பளமில்லாமல் பார்க்கிறவள். அதற்கு முன்னால் ஓர் ஆடிட்டரிடம் இருந்தவள்.

"சார், வண்டி கம்பெனி வேலைக்கு மட்டும் ஓடுனாத்தான் டீசலு, டயரு, ரிப்பேரு எல்லாத்தையும் கம்பெனிச் செலவுன்னு கழிக்க முடியும். கல்யாணம் காதுகுத்துக்கும் ஓடுனா அந்தப் பங்கைக் கழிக்கக் கூடாது, வரி கட்டணும்."

"எனக்குத் தெரியாதா? உன்னைச் சோதிச்சேன்" என்றார் மலையாண்டி.

"வரியக் கட்டிட்டுப் போறேன், அது பெருசில்ல" என்றார் ஹாஜா முகைதீன். "வண்டி நோட்டுல தினமும் 'கம்பெனி வேலை மட்டும்'னு டிரைவர் செபஸ்தியான் எழுதுறான். நான் நம்பிக் கையெழுத்துப் போடுறேன். அது பொய்யின்னா நான் பொய்யனாயிட்டேனா இல்லையா? பதினோரு வருஷமா அவனை நம்புனேன். நாளைக்கு அந்த ஆபீசர் சொந்த உபயோகம்னு முடிவு பண்ணிட்டா, சாயங்காலமே செபஸ்தியானுக்குக் கணக்கு முடிச்சிருவேன். அவன்கிட்டயே சத்தியம் பண்ணிச் சொல்லிட்டேன். நீ கண்டுபிடிச்சுச் சொல்லு, இது யாரு காலு?"

மலையாண்டி பூதக்கண்ணாடியை எடுத்தார். அது வழக்குக்காக வாங்கியதல்ல. பஞ்சாங்கம் பார்க்க வாங்கியது.

கறுப்பு வெள்ளைப் படம். சாலையோரமாக வேனின் பின்பக்கம். கம்பெனிப் பெயரும் நம்பரும் தெளிவாக இருந்தன. பின் கதவு பாதி திறந்திருந்தது. அதன் கீழே இரண்டு கால்கள் தரையைத் தேடிக்கொண்டு தொங்கின. தொடைக்கு மேல் கதவு மறைத்திருந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பை ஆடியது. ஓரத்து மைல்கல்லில் 'கடலாடி 3'. படத்தின் பின்னால் 14-2-90 என்று தேதி.

மலையாண்டி தொண்டையைக் கனைத்தார். "எழுதிக்கோ லீமா. ஆண். வயசு நாப்பத்தஞ்சுக்கு மேல. முழங்கால் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டுது. இந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடித் தப்பிக்கலாம்னு நினைக்கிறவன் மூளை கம்மியானவனா இருக்கணும்."

"மூளை... கம்மி" என்று லீமாரோஸ் மெதுவாக எழுதினாள். அவள் உதடு ஏனோ மடிந்திருந்தது.

"வேட்டியை இவ்வளவு மேல தூக்கிக் கட்டியிருக்கான். கூச்சநாச்சம் இல்லாதவன். கையில பை. அதுல மாத்துத்துணி. ஆக, தங்கிட்டு வாரதுக்குத் திட்டம் போட்டுத்தான் கிளம்பியிருக்கான். சந்தேகமே இல்லை பாய், இது சொந்தப் பயணம்தான்!"

ஹாஜா முகைதீன் அவரையே பார்த்தார். "மலையாண்டி, நீ யாரு பக்கம்?"

லீமாரோஸ் படத்தைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தாள். "இங்கன ஒரு ஸ்டூடியோ முத்திரை இருந்திருக்கு. பிளேடால சுரண்டியிருக்காக. '...லாடி'ங்கிறது மட்டும் மிச்சம். கடலாடி."

"அதைத்தான் நான் அடுத்துச் சொல்ல வந்தேன்" என்றார் மலையாண்டி.

*

முதலில் டிரைவரைப் பார்த்துவிடுவது என்று பஸ் பிடித்துப் பாம்பன் பாலம் தாண்டித் தங்கச்சிமடத்தில் இறங்கினார்கள். செபஸ்தியானின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. முதலாளி 'நாளைக்கு வரைக்கும் வண்டியைத் தொடாதே' என்று சொல்லிவிட்டதால் மனிதர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

"வண்டி எங்கன நிக்கிது?" என்று லீமாரோஸ் கேட்டாள்.

"மண்டபத்துல, கம்பெனி ஷெட்டுல."

"நீங்க வீட்டுக்கு எதுல வருவீக?"

"பஸ்லதான். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாரது என் சொந்தக் காரியம்ல?"

லீமாரோஸ் மலையாண்டியைப் பார்த்தாள். மலையாண்டி கூரையைப் பார்த்தார்.

செபஸ்தியானின் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மலையாண்டி அதை ஊதிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "பதினாலு ரெண்டு தொண்ணூறு. கடலாடி ரோடு. வண்டியில யாரு?" என்றார்.

செபஸ்தியான் மனைவியை ஒரு தரம் பார்த்தார்.

"யாருன்னு எனக்குத் தெரியாது சார். இத மொதலாளிகிட்டக்கூட நான் சொல்லல. அன்னைக்குத் தூத்துக்குடிக்கு நண்டு லோடு. கீழக்கரை ரோட்டுல பாலம் வேலை நடந்துச்சு. அதனால கடலாடி வழியாப் போனேன், நோட்டுலயும் எழுதியிருக்கேன். ராமநாதபுரத்துல ஒரு டீ குடிக்க நிறுத்துனேன். பின் கதவப் பூட்ட மறந்துட்டேன். கடலாடிக்கு மூணு மைலு இருக்கையில பின்னால 'ஐயோ அம்மா'ன்னு ஒரு சத்தம். நிறுத்துறேன், கதவத் தெறந்துக்கிட்டு ஒரு ஆளு குதிச்சு கருவேலங்காட்டுக்குள்ள ஓடுறான். விரட்டுனேன், பிடிக்க முடியல. நண்டு எதுவும் குறையல. மொதலாளிகிட்ட சொன்னா 'கதவ ஏன் பூட்டல'ன்னு கேப்பாகன்னு வாய மூடிக்கிட்டேன்."

மலையாண்டியின் இடது கால் பெருவிரல் தானாக மடங்கியது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நடந்த சண்டைக்கிடா வழக்கு அவருக்குக் கண்முன் வந்தது. ஒரு பணக்காரரின் பந்தயக் கிடா காணாமல் போயிருந்தது. ராமநாதபுரம் டீக்கடை முன்னால் எஞ்சினை அணைக்காமல் நின்ற ஒரு வேனுக்குள்ளிருந்து ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, சமயம் பார்த்துப் பின்பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஒரே இருட்டு, ஐஸ், மீன் கவிச்சி. வண்டி புறப்பட்ட பிறகுதான், ஆடு மாதிரிக் கத்தியது வண்டியின் ஃபேன் பெல்ட் என்று தெரிந்தது. முப்பது மைல் கூடைகளுக்கு நடுவே குந்தியிருந்தார். ஏதோ ஒரு கூடையிலிருந்து கொடுக்கு ஒன்று நீண்டு அவருடைய பெருவிரலைப் பிடித்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. குதித்தவருக்கு வண்டியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்க நேரமில்லை.

மறுநாள் ஆபீஸில் லீமாரோஸிடம், வாடகைக் காரில் திருடனைத் துரத்தியதாகவும், நடந்த கைகலப்பில் காலில் கத்திக்குத்துப் பட்டதாகவும் சொன்னார். கிடா அப்போது சொந்தக்காரரின் மச்சினன் வீட்டுத் தொழுவத்தில் தவிடு தின்றுகொண்டிருந்தது.

"சார், காப்பி வேட்டியில ஊத்துது" என்றாள் லீமாரோஸ்.

செபஸ்தியானின் மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அந்த எடுபட்ட பய மட்டும் என் கையில கெடைச்சான்னா, நண்டுக் கூடையில போட்டு மூடிருவேன்! இந்த வேலை போச்சுன்னா நாங்க என்ன செய்ய? இவுக கடலுக்குப் போக முடியுமா? வலைக்கயிறு சுத்தி விரலு மடங்காமப் போனதுலதான வண்டிக்கே வந்தாக?"

"போட்டு மூட வேண்டியதுதான்" என்றார் மலையாண்டி. அவர் குரல் அவருக்கே எட்டவில்லை.

"கடலாடியில ஸ்டூடியோ வச்சிருக்கிற ஆள் யாரையாவது தெரியுமா?" என்று லீமாரோஸ் கேட்டாள்.

"வீரையா" என்றார் செபஸ்தியான் உடனே. "நம்ம கம்பெனியில கணக்கெழுதுனவரு. மக கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோக வேனக் கேட்டாரு. மாட்டேன்னுட்டேன். கோவிச்சுக்கிட்டு வேலைய விட்டுப் போயி ஸ்டூடியோ வச்சாரு."

லீமாரோஸ் எழுந்துவிட்டாள். "வாங்க சார், கடலாடிக்குப் போவோம்."

"அவ்வளவு தூரமா? வெயிலு... நாளைக்குக் காலையில..."

"நாளைக்கு மூணு மணிக்கு விசாரணை."

"எனக்கு முழங்கால் வலி."

"தெரியும் சார்" என்றாள் அவள்.

*

கடலாடி போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. பஸ் முழுக்க, அந்த ஸ்டூடியோ இன்று பூட்டியிருக்க வேண்டும் என்று மலையாண்டி நயினார்கோவில் சாமிக்கு வேண்டிக்கொண்டே வந்தார். ஸ்டூடியோ திறந்திருந்தது. சாமிக்கு எத்தனையோ வேலை.

வீரையா ஒல்லியான மனிதர். போட்டோவைப் பார்த்ததும், "நான் எடுக்கல" என்றார்.

லீமாரோஸ் மொட்டைக் கடிதத்தின் நகலை எடுத்து விரித்தாள். "அண்ணே, இந்தக் கடுதாசியில 'ழ'வுக்கு வால் கீழ போயி, திரும்பி மேல ஏறி, ஒரு சுழி சுழிச்சு நிக்கிது. உங்க கடை போர்டுல 'கடலாடி நிழற்பட நிலையம்'னு போட்டிருக்கே, அந்த 'ழ'வும் அப்படித்தான் நிக்கிது. போர்டு யாரு எழுதுனது?"

வீரையா போர்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்து வருஷம் அந்தக் கம்பெனிக்குக் கணக்கெழுதுனேன்மா. என் மகளுக்குப் பீரோ, கட்டிலு எல்லாம் மாட்டு வண்டியில போச்சு. சம்பந்தி வீட்ல சிரிச்சாக. பக்கத்து ஊர்ல ஒரு காதுகுத்துக்குப் படம் எடுத்துட்டு சைக்கிள்ல வாரேன், எனக்கு இல்லன்ன வண்டியில இருந்து எவனோ ஒருத்தன் எறங்குறான். பத்திக்கிட்டு வந்துச்சு. கிளிக் பண்ணிட்டேன்."

"ஒண்ணுதான் எடுத்தீகளா?"

வீரையா மேஜைமேல் இருந்த கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். லீமாரோஸ் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் அவர் ஒரு டிராயரைத் திறந்து, காகித உறையிலிருந்து நெகட்டிவ் துண்டு ஒன்றை எடுத்தார்.

"அடுத்தது ஒண்ணு இருக்கு. அத அனுப்பினா என் புகார் நிக்காது. அதான் வச்சுக்கிட்டேன்."

பிரிண்ட் போட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார். மலையாண்டி கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் படம் தெரிந்தது.

கருவேலம்புதரை நோக்கி ஒரு மனிதன் ஓடுகிறான். வேட்டி ஒரு பக்கம், பை ஒரு பக்கம். முகம் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. பின்னால் செபஸ்தியான் வீல் ஸ்பானரை ஓங்கிக்கொண்டு துரத்துகிறார்.

வீரையா படத்தைப் பார்த்தார். மலையாண்டியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"சாருக்கு அண்ணன் தம்பி யாராச்சும்...?"

"இல்ல" என்றார் மலையாண்டி. "என் அம்மா ஒண்ணோட நிறுத்திக்கிட்டா."

*

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. மலையாண்டியின் சட்டைப்பையில் நெகட்டிவும் பிரிண்டும் இருந்தன. பஸ் சிக்கல் ஊரைத் தாண்டியது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் மலையாண்டி கடைசியில்.

"காலையில போட்டோவைப் பாத்தப்பவே. நாலு வருஷமா நீங்க மாடிப்படி இறங்கி வாரப்ப எனக்கு முதல்ல தெரியிறது அந்த ரெண்டு முழங்கால்தான் சார். முகம் அப்புறமாத்தான் வரும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க மூளை கம்மின்னு சொன்னீக. முதலாளியை மறுத்துப் பேச வேண்டாமேன்னு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்புறம் சார், அந்தக் கத்திக்குத்துக்கு கடலாடி ஆஸ்பத்திரியில ஊசி போட்டீகளே, அந்தச் சீட்டையும் மத்த காகிதத்தோட என்கிட்ட குடுத்துட்டீக. அதுல 'நண்டுக்கடி'ன்னு எழுதியிருந்துச்சு" என்றாள்.

மலையாண்டிக்கு பஸ்ஸிலிருந்து குதிக்கலாம் போலிருந்தது. குதிப்பதில் தனக்கு உள்ள ராசி ஞாபகம் வந்ததால் உட்கார்ந்திருந்தார்.

"நெகட்டிவ் உங்க பையில இருக்கு" என்றாள் லீமாரோஸ், இப்போது சிரிப்பில்லாமல். "ஜன்னலும் தெறந்திருக்கு. நான் தூங்கப் போறேன்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முன்சீட்டில் சாய்ந்தாள்.

மலையாண்டி வெளியே பார்த்தார். இந்தப் படம் வெளியே வந்தால் ராமநாதபுரமே சிரிக்கும். பலகையைக் கழற்றிச் சைக்கிள் கடைக்காரரிடம் விறகுக்குக் கொடுக்க வேண்டியதுதான். படம் வராவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. முகமில்லாத இரண்டு கால்கள், அவ்வளவுதான். 'கண்டுபிடிக்க முடியவில்லை பாய்' என்று சொன்னால் ஹாஜா முகைதீன் ஆச்சரியப்படவும் மாட்டார்.

சட்டைப்பைக்குள் கை போனது. நெகட்டிவ் துண்டு விரலில் பட்டது. உடனே அவருக்கு அந்த மடங்காத மூன்று விரல்கள் ஞாபகம் வந்தன. வேலை முடிந்து வீட்டுக்குப் போவது சொந்தக் காரியம் என்று பஸ்ஸில் போகிற மனிதன்.

அவர் கையை வெறுமனே வெளியே எடுத்து, ஜன்னலை இறக்கி மூடினார்.

முந்தானைக்குள்ளிருந்து, "காத்து வரட்டும் சார், புழுங்குது" என்று குரல் வந்தது.

*

வருமான வரி அதிகாரி நாகநாதன் அதிகம் பேசாதவர். மறுநாள் மூன்று மணிக்கு அவர் முன்னால் ஹாஜா முகைதீன், செபஸ்தியான், மலையாண்டி, லீமாரோஸ் நான்கு பேரும் இருந்தார்கள். மலையாண்டி எழுந்து, தொண்டையைக் கனைத்து, ஆரம்பித்தார். ஃபேன் பெல்ட்டிலிருந்து பெருவிரல் வரை ஒன்றையும் விடவில்லை. நண்டு இடத்தில் மட்டும் ஒரு தரம் தயங்கினார். லீமாரோஸ் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

செபஸ்தியான் வாயைப் பிளந்தபடி மலையாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜா முகைதீன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மலையாண்டி விசாரிக்க விரும்பவில்லை.

நாகநாதன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கொஞ்சம் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

மலையாண்டி நின்றார். அதிகாரி படத்தைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார்.

"வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டணுமா சார்?"

"வேண்டாம். இப்பவே தெரியுது." அதிகாரி பேனாவை உருட்டினார். "நீங்க பிரைவேட் டிடெக்டிவ். பிரைவேட் டிடெக்டிவ் ஏறினா அது பிரைவேட் யூஸ் ஆகாதா?"

யாரும் சிரிக்கவில்லை. அது வேடிக்கையா சட்டமா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

"ஏத்துனவுக ஸ்பானரோட விரட்ட மாட்டாக சார்" என்றாள் லீமாரோஸ்.

"சரி. இந்த ஒரு நாள் தீர்ந்தது." அவர் வண்டி நோட்டைத் தட்டினார். "மிச்சம் முந்நூத்தி அறுபத்தி நாலு நாள் இருக்கு. எல்லாத்துலயும் 'கம்பெனி வேலை மட்டும்'. எழுதினது டிரைவரே. ஒரு விஷயம் நடந்தா அதுக்குச் சாட்சி இருக்கும். நடக்கலைங்கிறதுக்கு என்ன சாட்சி?"

மலையாண்டி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. துப்பறியும் நிலையத்தின் வரலாற்றில் இது புதிதல்ல.

"கீழ போயி இருங்க. கொஞ்ச நேரத்துல உத்தரவு எழுதிக் கூப்பிடுறேன்."

*

கீழே முற்றத்தில் வேன் வெயிலில் நின்றது. ஐந்து மணிக்கு மண்டபத்தில் இறால் ஏற்ற வேண்டும்.

"நீ வண்டிய எடுத்துட்டுப் போ. இன்னைக்கு லோடு கெட்டுறக் கூடாது. மத்தத உத்தரவு வந்ததும் பாப்போம்" என்றார் ஹாஜா முகைதீன் செபஸ்தியானின் முகத்தைப் பார்க்காமல்.

மலையாண்டிக்கு உண்மையிலேயே முழங்கால் நொந்தது. "செபஸ்தியான், எங்க ரெண்டு பேரையும் போற வழியில பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுருங்களேன். உத்தரவை பாய் வாங்கிக்கட்டும்."

செபஸ்தியான் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சார், எனக்காக மானத்த விட்டு நின்னீக. ஒங்களுக்கு நான் என்ன செஞ்சாலும் தகும். வண்டியில மட்டும் ஏத்த மாட்டேன்."

"அரை மைல்தானப்பா!"

"அரை மைலும் சொந்தக் காரியம்தான சார்?"

லீமாரோஸுக்கே கோபம் வந்துவிட்டது. "உங்களுக்காக நாங்க ரெண்டு நாளா அலைஞ்சிருக்கோம். முழங்காலப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவரப் பாத்தா பாவமா இல்லையா?"

"ஏத்திக்கப்பா, நான் சொல்றேன்" என்றார் ஹாஜா முகைதீன்.

"சரி மொதலாளி. நோட்டுல 'சொந்த உபயோகம், அரை மைல்'னு எழுதுறேன். கையெழுத்துப் போடுறீகளா?"

ஹாஜா முகைதீனின் கை சட்டைப்பைப் பேனாவரை போய்த் திரும்பியது.

செபஸ்தியான் சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட குட்டி நோட்டு ஒன்றை எடுத்து, வண்டியின் பேனட்மேல் வைத்து, பென்சிலால் ஏதோ எழுதினார்.

"செபஸ்தியான்!"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். மாடி ஜன்னலில் நாகநாதன் நின்றுகொண்டிருந்தார். எப்போதிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"என்ன எழுதினீங்க? அந்த நோட்டை மேல கொண்டு வாங்க."

செபஸ்தியான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயா, இது கம்பெனி நோட்டு இல்ல. இது எனக்கும் சாமியாருக்கும் உள்ளது."

மேலே போய் அந்த நோட்டை அவர் கைவிட்டுக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. நாகநாதன் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார்.

"'இன்று. மலையாண்டி சாரும் கூட வந்த அம்மாவும். பஸ் ஸ்டாண்டு வரை. இல்லை என்றேன்.'" அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினார். "'பங்குச் சாமியார். திருவிழா நாற்காலி ஏற்ற. இல்லை என்றேன்.' 'முதலாளி மாமியார். கீழக்கரை தர்கா கந்தூரிக்கு. இல்லை என்றேன்.' 'வீரையா மகள் சீர் சாமான். இல்லை என்றேன். அழுதார்.' 'என் பெஞ்சாதி. இல்லை என்றேன்.' 'என் பெஞ்சாதி.' 'என் பெஞ்சாதி...'"

"அவ பதினேழு தடவ கேட்டுட்டா" என்றார் செபஸ்தியான் தலையைக் குனிந்தபடி.

"எதுக்கு இதை எழுதி வச்சிருக்கீங்க?"

"மாசா மாசம் கோயில்ல சாமியார்கிட்ட என் பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்வேன் ஐயா. நம்மகிட்ட வந்து கேட்டவுக மனசு நோக இல்லன்னு சொல்றது எனக்குப் பாவமாப் படுது. மறந்துரக் கூடாதுன்னு எழுதுறேன். சொல்லி முடிச்சதும் அடிச்சிருவேன்."

இன்றைய வரியைத் தவிர ஒவ்வொரு வரியின்மேலும் ஒரு பென்சில் கோடு ஓடியிருந்தது.

"இதை முதல்லயே காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே?"

"கேட்டவுக எல்லாம் கௌரவமானவுக. பேரு வெளிய வந்தா அவுகளுக்குத்தான் வெக்கம்."

ஹாஜா முகைதீன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தம் மாமியார் வேன் கேட்ட விஷயம் அவருக்கு இன்றுதான் தெரியும். மூன்று மாதம் அந்த அம்மாள் பேசாமலிருந்த காரணமும் இன்றுதான் தெரிந்தது.

நாகநாதன் முன்பக்கம் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார். "'1988 ஐப்பசி. பாம்பன். படகு கவிழ்ந்து அடிபட்டவன். ஏற்றினேன். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி. பிழைத்தான்.'"

ஹாஜா முகைதீன் சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பினார்.

"அது உண்மைதான் ஐயா" என்றார் செபஸ்தியான். "அது ஒண்ணு மட்டும் ஏத்திட்டேன். அதுக்கு எவ்வளவு வரியோ என் சம்பளத்துல பிடிச்சுக்கிடுங்க."

நாகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் முன்னால இருக்கிறது எண்பத்தொன்பது ஏப்ரல்லேருந்து தொண்ணூறு மார்ச் வரைக்கும். இந்தப் பக்கம் நான் பார்க்க வேண்டியதில்லை." நோட்டை மூடி ரப்பர் பேண்டைப் போட்டார். பிறகு கோப்பை இழுத்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சொந்த உபயோகம் இல்லைன்னு ஏத்துக்கிட்டாச்சு. போகலாம்."

படியிறங்கும்போது ஹாஜா முகைதீன் செபஸ்தியானின் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். ஏதோ சொல்ல வந்து, "நாளைக்கு வழக்கம்போல வந்துருப்பா" என்று மட்டும் சொன்னார். செபஸ்தியான் தலையாட்டினார்.

வண்டியில் ஏறப் போன செபஸ்தியான் திரும்பி வந்தார். கையில் நோட்டு.

"சார், ஒரு சந்தேகம். அன்னைக்கு நீங்க என்னக் கேக்காம ஏறுனீக. நான் இல்லன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. ஸ்பானர எடுத்துக்கிட்டு வெரட்டுனேன். அது என் கணக்குல வருமா, ஒங்க கணக்குல வருமா?"

மலையாண்டி லீமாரோஸைப் பார்த்தார். அவள் நோட்டைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

அவர் பென்சிலை வாங்கி, வேனின் பேனட்மேல் நோட்டை விரித்து, காலியாக இருந்த வரியில் எழுதினார்: '14-2-90. மலையாண்டி. ஆடு என்று நினைத்து ஏறினேன்.' யோசித்து, பக்கத்திலேயே சேர்த்தார்: 'பிறகு பொய் சொன்னேன்.'

செபஸ்தியான் வாசித்துப் பார்த்தார். நோட்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வேன் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, துப்பறிவாளர் மலையாண்டி தம் இரண்டு முழங்கால்களையும் நம்பிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். லீமாரோஸ் அவருக்காகக் கொஞ்சம் மெதுவாகவே நடந்தாள்.